திரையில் தொடங்கி பிளக் பாயின்ட் வரை: கேமிங் கணினியைத் தேர்ந்தெடுத்துப் பூட்டி அமைக்கும் முறை

“எழுபதாயிரத்துக்கு நல்ல கேமிங் பிசி ஒன்று சொல்லுங்கள்” என்று மட்டும் கேட்டால் யாராலும் சரியான பதில் தர முடியாது. வேலரன்ட் என்ற சுடும் விளையாட்டை 240 ஹெர்ட்ஸில் (திரை விநாடிக்கு 240 முறை புதுப்பிக்கும் வேகத்தில்) ஆட நினைப்பவரும், சைபர்பங்க் 2077-ஐ 1440பி (2560 × 1440 புள்ளிகள் கொண்ட) திரையில் எல்லா ஒளி விளைவுகளோடும் பார்க்க நினைப்பவரும் அதே பணத்தை வேறு வேறு பாகங்களில் போட வேண்டியவர்கள். முதலாமவருக்குப் பிராசஸர் முக்கியம், இரண்டாமவருக்குக் கிராபிக்ஸ் கார்டு. கேள்வியில் இந்த விவரம் இல்லையென்றால் பதில் சொல்பவர் தனக்குப் பிடித்த கார்டின் பெயரைச் சொல்வார், கடைக்காரர் தன்னிடம் இருப்பில் உள்ளதை எடுத்து வைப்பார்.

ஆலோசனை கேட்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தெந்த விளையாட்டுகள்? மானிட்டர் ஏற்கெனவே உண்டா, அதன் ரெசல்யூஷன் என்ன, எத்தனை ஹெர்ட்ஸ்? பட்ஜெட்டுக்குள் மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யுபிஎஸ், விண்டோஸ் எல்லாம் அடங்குமா, கேபினட்டுக்குள் இருப்பது மட்டுமா? பழைய கணினியிலிருந்து எதையாவது எடுத்துப் பயன்படுத்தப் போகிறீர்களா? கடைசிக் கேள்விக்கு “பழைய ஐ5” என்று எழுதினால் பயனில்லை. ஐ5 என்ற பெயரில் 2009 முதல் எத்தனையோ தலைமுறைகள் வந்துவிட்டன. விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் பிராசஸரின் முழு எண்ணும் மதர்போர்டின் மாடலும் இருக்கும். மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் மாடலை மட்டும் மென்பொருள் பொதுவாகக் காட்டாது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி லேபிளைப் படம் எடுக்க வேண்டும்.

இனி கணக்கைத் திரையில் தொடங்கிப் பின்னோக்கி வருவோம். திரைக்கு ஏற்ற கார்டு, கார்டுக்கு ஏற்ற பிராசஸர், இரண்டுக்கும் ஏற்ற மின்சாரம் என்ற வரிசையில் போனால் பணம் வீணாகும் இடங்கள் தாமாகவே தெரியும்.

மானிட்டர்

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 1440பி-யில் 36.9 லட்சம். 4கே-யில் 82.9 லட்சம், அதாவது 1080பி-யைப் போல் சரியாக நான்கு மடங்கு. கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃப்ரேமிலும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்திலும்) இத்தனை புள்ளிகளையும் வரைந்தாக வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒரு ஃப்ரேமை 16.7 மில்லிசெகண்டில் முடித்தால் போதும். 144 ஹெர்ட்ஸுக்கு 6.9 மில்லிசெகண்டுதான் கிடைக்கும். பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த கார்டு வாங்கினால் அது தயாரிக்கும் ஃப்ரேம்களில் பாதிக்கு மேல் உங்கள் கண்ணுக்கு வந்து சேராது. அந்தப் பணத்தில் ஒரு பங்கை மானிட்டருக்கு மாற்றுவதே மேல்.

24 அங்குலத்துக்கு 1080பி, 27 அங்குலத்துக்கு 1440பி என்பது நல்ல பொருத்தம். 27 அங்குலத்தில் 1080பி வாங்கினால் ஓர் அங்குலத்துக்கு 82 பிக்சல்கள்தான் வரும், எழுத்துகளின் ஓரம் பிசிறும். திரைப் பேனல் வகைகளில் ஐபிஎஸ் பொதுவான தேர்வு. மலிவான விஏ பேனல்களில் இருண்ட காட்சிகளில் அசைவுக்குப் பின்னால் கருப்பு இழுவை தெரியும், வேகமான சுடும் விளையாட்டுகளுக்கு அது தொந்தரவு. ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் கம்பேட்டிபிள் வசதி கட்டாயம் இருக்கட்டும். ஃப்ரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது படம் கிழியாமல் இருப்பது அதனால்தான்.

கிராபிக்ஸ் கார்டு

கேபினட்டுக்குள் போகும் செலவில் 35 முதல் 45 சதவீதம் வரை இதற்கு ஒதுக்கலாம். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 மட்டும் ஆடுபவர்கள் இதைவிடக் குறைத்துப் பிராசஸரில் கூட்டலாம்.

1080பி-க்கு ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி வரிசை போதும். 1440பி என்றால் 8 ஜிபி நினைவகத்தோடு நிற்காதீர்கள். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டும் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வடிவங்களில் வருகின்றன. பெயர் ஒன்றே என்பதால் பில் போடும்போது ஜிபி எண்ணைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். நினைவகம் நிறைந்தால் சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃப்ரேம்) நல்ல எண்ணாகவே தெரியும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு விழும், சுவர்களின் டெக்ஸ்ச்சர் சில விநாடிகள் மங்கலாக நிற்கும். சராசரியை மட்டும் காட்டும் விமர்சனங்களில் இந்தக் குறை வெளிவராது. மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் வேகத்தைக் காட்டும் “1% லோ” என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள்.

எட்டு லேன் கார்டுகள் என்றொரு கண்ணி உண்டு. லேன் என்பது கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதை, பிசிஐஇ எண் அந்தப் பாதையின் தலைமுறை. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, 5060 ஆகியவை 16 லேன் ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் எட்டு லேன்களைத்தான் பயன்படுத்தும். பிசிஐஇ 4.0 போர்டில் இது பெரிதாகத் தெரியாது. பி450 போன்ற பிசிஐஇ 3.0 போர்டில் பாதையின் வேகம் பாதியாகக் குறையும், 8 ஜிபி நிறைந்து வழியும் தருணத்தில் அடி பலமாக விழும்.

பழைய கார்டு வாங்குபவர்களுக்கு இன்னொன்று. 2024-இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025-இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் ஆகிய விளையாட்டுகள் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு வரைதல்) வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. ஜிடிஎக்ஸ் 1080 டிஐ ஒரு காலத்தில் அரசன். இன்று அதை வாங்கினால் இந்தக் கதவுகள் மூடியிருக்கும்.

சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் வசதிகள் பற்றி ஒரு வரி: 1440பி-யில் குவாலிட்டி நிலையில் வைத்தால் கார்டு உண்மையில் 960பி-யில் வரைந்து பெரிதாக்குகிறது. 1440பி திரையில் அந்தப் படம் நன்றாகவே இருக்கும். 1080பி திரையில் அடிப்படைப் படம் 720பி-க்கு இறங்கிவிடுவதால் தூரத்து மரம், கம்பிவேலி எல்லாம் கலங்கும். இடைப்பட்ட ஃப்ரேம்களை ஊகித்துச் சேர்க்கும் ஃப்ரேம் ஜெனரேஷன், ஏற்கெனவே 60-ஐத் தாண்டும் விளையாட்டை வழுவழுப்பாக்கும். 30-இல் திணறும் விளையாட்டில் அதைப் போட்டால் எண் ஏறும், கையில் உணரும் தாமதம் குறையாது.

அலுவலகக் கணினியை மேம்படுத்த நினைப்பவர்கள்

பழைய டெல், எச்பி அலுவலகக் கணினிகளை மலிவாக வாங்கி அதில் கார்டு சேர்க்க நினைப்பவர்கள் பலர். இவற்றில் பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் அந்த நிறுவனத்துக்கே உரிய கனெக்டர் கொண்டது, கிராபிக்ஸ் கார்டுக்கான 6 பின், 8 பின் கேபிள் இருக்காது. எனவே ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் வழி: தனி மின் கேபிள் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 வடிவங்கள், அல்லது 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. ஆர்எக்ஸ் 6400 வாட் கணக்கில் பொருந்தினாலும் அது நான்கு லேன் கார்டு, பழைய போர்டில் வீணாகும். ஒல்லியான கேபினட் என்றால் லோ புரொஃபைல் பட்டையுடன் வாங்க வேண்டும். ஏழாம் தலைமுறை வரையிலான டெஸ்க்டாப் ஐ5-களில் பெரும்பாலானவை நான்கு கோர், நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் நான்கு வேலைகளை மட்டும் செய்பவை). புதிய விளையாட்டுகளில் கார்டு சும்மா இருக்க, பிராசஸர் திணறுவதைப் பார்ப்பீர்கள். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இத்தனையும் தெரிந்து, குறைந்த செலவில் பழைய விளையாட்டுகள் ஆடப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம்.

பிராசஸர், மதர்போர்டு

புதிதாகத் தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்). 2022-இல் வந்த இந்தச் சாக்கெட்டில் ரைசன் 7000, 8000, 9000 மூன்று வரிசைகளும் பொருந்தும். இன்று ரைசன் 5 7600 வாங்கி, சில ஆண்டுகள் கழித்து அதே போர்டில் கூடுதல் கேஷ் நினைவகம் கொண்ட எக்ஸ்3டி வகைப் பிராசஸர் ஒன்றை ஏற்றலாம். 7600-இல் உள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போகும் வாரங்களில் அதுவே கணினியை உயிரோடு வைக்கும். 7500எஃப் மலிவு, ஆனால் அதில் அது இல்லை. இன்டெல்லில் எண்ணுக்குப் பின் எஃப் வந்தாலும் இதே பொருள்.

பட்ஜெட் மிகக் குறைவு என்றால் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4-இல் ரைசன் 5 5600, அல்லது கோர் ஐ5 12400எஃப். இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். இன்டெல் பக்கம் எச்610 போர்டைத் தவிருங்கள். ரேமை அதன் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அதில் முழுமையாகக் கிடைக்காது. பி660, பி760 போர்டுகளில் கிடைக்கும். 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 செகண்ட் ஹேண்டில் வந்தால் கவனம்: அதிக வோல்டேஜால் நிலைகுலையும் சிக்கல் அந்த வரிசையில் இருந்தது. இன்டெல் 2024 ஆகஸ்டிலிருந்து மைக்ரோகோட் (பிராசஸரின் உள் மென்பொருள்) திருத்தங்களை வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாடல்களின் வாரன்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. திருத்தம் வருமுன் ஏற்கெனவே சேதமான சிப்பை அந்தத் திருத்தம் சரி செய்யாது.

கேமிங்குக்கு மதர்போர்டில் பெரிய செலவு வேண்டாம். பி650 வரிசையில் பிராசஸர் மின்சுற்றின் மேல் ஹீட்சிங்க், எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இரண்டு, பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் போதும். அந்தப் பட்டன் முக்கியம். பழைய இருப்பில் இருந்த பி650 போர்டு ரைசன் 9000-ஐ அடையாளம் காணாமல் கருந்திரை காட்டினால், எஃப்ஏடி32-ஆக ஃபார்மேட் செய்த பென் டிரைவில் பயாஸ் கோப்பை, நிறுவனம் சொல்லும் பெயரில் போட்டு, குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, பட்டனை அழுத்தினால் பிராசஸர் இல்லாமலேயே புதுப்பித்துவிடலாம்.

ரேம், எஸ்எஸ்டி

ரேம் எப்போதும் இரண்டு துண்டாக. 16 ஜிபி ஒற்றைத் துண்டை விட 8 ஜிபி இரண்டு வேகம், ஏனென்றால் பிராசஸர் இரு சேனல்களில் ஒரே நேரத்தில் படிக்கிறது. புதுக் கணினிக்கு 16 ஜிபி இரண்டு, டிடிஆர்5-6000, சிஎல்30 (ரேமின் தாமத எண்), எக்ஸ்போ (எக்ஸ்எம்பிக்கு ஏஎம்டி வைத்த இணை) ஆதரவுடன் என்பது ரைசனுக்குப் பொருத்தமான இலக்கு. 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. கையைக் கடித்தால் 8 ஜிபி இரண்டு வாங்கி, பின்னர் அவற்றை விற்று 16 ஜிபி இரண்டாக மாற்றுங்கள். மீதியிருக்கும் இரு ஸ்லாட்டில் இன்னும் இரண்டைச் சேர்க்கலாம் என்று திட்டமிடாதீர்கள். நான்கு துண்டு போட்டால் ரைசன் 7000-க்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் டிடிஆர்5-3600 மட்டுமே.

எஸ்எஸ்டிக்கு எம்.2 ஸ்லாட்டில் செருகும் 1 டிபி என்விஎம்இ வகை போதும். விண்டோஸ் அதை 931 ஜிபி என்று காட்டும், அது குறை அல்ல. பிசிஐஇ 4.0, 3.0 எஸ்எஸ்டிகளுக்கு இடையே விளையாட்டு திறக்கும் நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் குறைவு. ஹார்டு டிஸ்க்கில் விளையாட்டை நிறுவாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், எர்த்

பணத்தை மிச்சப்படுத்தப் பலர் கை வைக்கும் இடம் இதுதான். இங்கே தவறினால் மற்ற எல்லாப் பாகமும் சேர்ந்து போகும்.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீர்கள். அட்டையில் 450 வாட் என்று அச்சிட்டிருக்கும். லேபிளில் +12வி என்ற நிரலைப் பாருங்கள். பிராசஸரும் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அங்கே 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 பெருக்கல் 18, ஆக 216 வாட்தான். ஒழுங்கான 550 வாட் யூனிட்டில் அதே இடத்தில் 45 ஆம்பியர் அளவில் இருக்கும். 80 பிளஸ் சான்று மின்சாரச் சிக்கனத்தை அளப்பது. பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்துக்கு அது சாட்சி அல்ல. அந்த மாடலின் பெயரைப் போட்டு, கருவி வைத்துச் சோதித்த விமர்சனம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ரைசன் 5 7600 உச்சத்தில் 88 வாட், ஆர்டிஎக்ஸ் 5060 145 வாட், மற்றவை எல்லாம் சேர்ந்து 55 வாட் என்று வைத்தால் 290 வாட்டுக்குள் அடங்கும். நல்ல 550 வாட் யூனிட் தாராளம். சுவரிலிருந்து இழுப்பது இதைவிட அதிகம். எஸ்எம்பிஎஸ்ஸின் திறன் 87 சதவீதம் என்றால் 333 வாட், மானிட்டருக்கு 30 சேர்த்தால் 363. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யுபிஎஸ்ஸின் உண்மைத் திறன் 360 வாட். விளையாட்டின் நடுவே கரன்ட் போனதும் யுபிஎஸ் “பீப்” என்று கத்திவிட்டு அணைவது இதனால்தான். 1000 அல்லது 1100 விஏ வாங்குங்கள், அதிலும் வாட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அது சேமித்துவிட்டு அணைப்பதற்கான சில நிமிடங்களைத் தரும், தொடர்ந்து ஆடுவதற்கு அல்ல.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அதிலுள்ள சுவிட்சை யுபிஎஸ் நிலையில் வையுங்கள். ஈகோ நிலையில் மாறும் நேரம் அதிகம், கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். மற்ற அறைகளின் மின்விசிறி, விளக்குகளும் அதே இன்வெர்ட்டரில் இருப்பதால் மொத்த வாட்டையும் கூட்டிப் பாருங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) உள்ள பல எஸ்எம்பிஎஸ் யூனிட்டுகள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று லேபிளில் இருக்கும். அப்படி இருந்தால் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை.

கேபினட்டின் உலோகத்தில் கை பட்டதும் சுருக்கென்று உணர்ந்தால் எர்த் இல்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர்கள் கேபினட்டோடு இணைந்திருப்பதால், எர்த் வழி அடைபட்டிருந்தால் உலோகம் மின் வோல்டேஜில் பாதியளவுக்கு மிதக்கும். கரன்ட் மிகச் சிறிது, ஆனால் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ வழியாக மற்றக் கருவிகளைக் கெடுக்க அது போதும். எலக்ட்ரீஷியனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 வோல்ட் அளவில், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டுக்குள் வர வேண்டும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகாதீர்கள்.

வெப்பம்

விமர்சகர்கள் சொல்லும் வெப்பநிலை பெரும்பாலும் 22, 25 டிகிரி அறையில் அளந்தது. மே மாதத்துச் சென்னையிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத அறை 38-ஐத் தொடும். அறை 13 டிகிரி கூடினால் கார்டும் ஏறக்குறைய அதே அளவு கூடும். அங்கே 68 என்றால் இங்கே 81. ஆகவே முன்பக்கம் கண்ணாடியாலோ தகட்டாலோ மூடிய கேபினட் வேண்டாம், கம்பி வலை முகப்பு வாங்குங்கள். முன்னால் இரண்டு ஃபேன் காற்றை உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளியேற்ற. ஃபேனின் கம்பிச்சட்டம் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். மேசையின் மூடிய அறைக்குள் கேபினட்டைத் தள்ளி வைத்தால் அத்தனையும் வீண்.

7600-உடன் வரும் கூலர் வேலையைச் செய்யும், கோடையில் இரைச்சல் அதிகம். டீப்கூல் ஏகே400 போன்ற ஒற்றைக் கோபுரக் கூலர் போதுமானது. அதன் உயரம் 155 மிமீ, கேபினட் அதை ஏற்குமா என்று பாருங்கள். ஆறு கோர் பிராசஸருக்கு லிக்விட் கூலர் தேவையில்லை.

கடையில்

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணும், சீரியல் எண்ணும் உள்ள ஜிஎஸ்டி பில் வேண்டும். “கேமிங் பிசி செட்” என்று ஒரே வரியில் போட்ட பில் வாரன்டிக்கு உதவாது. இந்தியாவில் அந்தப் பாகத்துக்கு வாரன்டி தருபவர் யார், எத்தனை ஆண்டு என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாக வந்த கார்டு விலை குறைவாக இருப்பது பல நேரம் அதனால்தான். கடையிலேயே அசெம்பிள் செய்தால் எல்லாக் காலி அட்டைப் பெட்டிகளையும் கேட்டு வாங்கி வாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் கூடுதல் கேபிள்களும் உங்களுடையவை.

பூட்டுதல்

முதலில் எல்லாவற்றையும் கேபினட்டுக்கு வெளியே, மதர்போர்டின் அட்டைப் பெட்டி மேல் வைத்து ஓட்டிப் பாருங்கள். பழுதான பாகம் இருந்தால் முப்பது திருகுகளைக் கழற்றாமல் தெரிந்துவிடும்.

ஏஎம்5-இல் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன, விரல் படக்கூடாது. முக்கோணக் குறி பொருந்துமாறு பிராசஸரை வைத்து, அழுத்தாமல், நெம்புகோலை இறக்கினால் கருப்பு பிளாஸ்டிக் மூடி தானே தெறித்து விழும். அந்த மூடியை எறியாதீர்கள், வாரன்டிக்கு அனுப்ப அது தேவை. தெர்மல் பேஸ்ட் நடுவில் பட்டாணி அளவு. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது மிகச் சாதாரணம், உரிக்காவிட்டால் ஒரு நிமிடத்தில் 95 டிகிரி தொடும். திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கூலர் ஃபேனின் ஒயர் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்துக்கே போகட்டும்.

ரேம் இரண்டும் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாம், நான்காம் ஸ்லாட்டில். “டக்” என்று கேட்கும் வரை அழுத்துங்கள். எஸ்எஸ்டி பிராசஸருக்கு அருகிலுள்ள எம்.2 ஸ்லாட்டில்.

கேபினட்டில் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு திருகுத்தூண்) இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் போர்டின் அடிப்பகுதியில் ஷார்ட் ஆகும். பிராசஸருக்கான 8 பின் கேபிளும் கார்டுக்கான 8 பின் கேபிளும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். முன்னது நான்கு-நான்காகவும், பின்னது ஆறு-இரண்டாகவும் பிரியும். மாற்றிச் செருக முயலாதீர்கள். மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைக் கழற்றக்கூடியது) என்றால் வேறு மாடலின் பழைய கேபிளை ஒருபோதும் போடாதீர்கள். யூனிட் பக்கத்துப் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் ஒரே நொடியில் கருகும். 16 பின் கனெக்டர் உள்ள பெரிய கார்டில் இடைவெளி துளியும் தெரியாதவரை செருகி, கனெக்டரை ஒட்டி வளைக்காமல் விடுங்கள்.

கார்டு மேலே உள்ள நீள ஸ்லாட்டில். மானிட்டர் கேபிளை கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல. “புதுக் கார்டு போட்டும் வேகம் இல்லை” என்ற புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

முதல் தடவை ஆன் செய்ததும்

டிடிஆர்5 போர்டு ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் கருந்திரையோடு நிற்கும். பயந்து அணைக்காதீர்கள், அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பதினைந்து நிமிடத்துக்கு மேலும் போர்டில் ரேம் சிக்கலைக் காட்டும் டிரேம் விளக்கு எரிந்தால் அணைத்து, இரண்டாம் ஸ்லாட்டில் ஒற்றை ரேமோடு முயலுங்கள். விஜிஏ விளக்கு என்றால் கார்டையும் அதன் மின் கேபிளையும் எடுத்துச் செருகுங்கள்.

படம் வந்ததும் பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை இயக்குங்கள். செய்யாவிட்டால் 6000 ரேம் 4800-இல் ஓடும், நீங்கள் கொடுத்த பணம் தூங்கும். இயக்கியபின் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஓர் இரவு ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேம் வேகத்தை 5600-க்கு இறக்குங்கள். பயாஸிலேயே சிஎஸ்எம்மை (பழைய முறையில் துவக்கும் வசதி) அணைத்து, ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் அணுகும் வசதி), பாதுகாப்பு வசதிகளான செக்யூர் பூட், டிபிஎம் ஆகிய மூன்றையும் இயக்குங்கள். விண்டோஸ் 11-இல் வேலரன்ட் கடைசி இரண்டும் இல்லாமல் திறக்காது. பேட்டில்ஃபீல்ட் 6-ம் செக்யூர் பூட் கேட்கும்.

விண்டோஸ் ஏற்றிய பின் சிப்செட் டிரைவர், கார்டின் டிரைவர் இரண்டையும் நிறுவுங்கள். பிறகு டிஸ்பிளே அமைப்பில் அட்வான்ஸ்டு டிஸ்பிளே சென்று ரெஃப்ரெஷ் ரேட்டை நீங்களே 144-க்கோ 165-க்கோ மாற்றுங்கள். மாதக்கணக்கில் 60-இலேயே ஓடும் 165 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் எத்தனையோ. பட்டியலில் அந்த எண் வரவில்லை என்றால் கேபிள்தான் காரணம். எச்டிஎம்ஐ 1.4 1080பி-யில் 120-ஓடு நின்றுவிடும். டிஸ்பிளேபோர்ட்டைப் பயன்படுத்துங்கள்.

வேகம் குறைந்தால், வெட்டினால்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை நிறுவி, விளையாட்டின் மேலேயே கார்டின் பயன்பாடு, வெப்பநிலை, நினைவகம், பிராசஸரின் தனித்தனி கோர்கள் தெரியுமாறு வையுங்கள். உதவி கேட்கும்போது அந்தப் படத்தையே அனுப்புங்கள், பாதிக் கேள்விகள் தேவைப்படாது.

கார்டு 97 சதவீதத்துக்கு மேல் என்றால் அது முழு வேலை செய்கிறது. நிழல், ரே டிரேசிங், ரெண்டர் ரெசல்யூஷன் ஆகியவற்றைக் குறைத்தால் பலன் உடனே தெரியும். கார்டு 60-இல் நிற்க, ஒன்றிரண்டு கோர்கள் நூறை ஒட்டி ஓடினால் தடை பிராசஸரில். அப்போது ரெசல்யூஷனைக் குறைத்துப் பயனில்லை. கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தூரம் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும், ரேம் இரு சேனலில் ஓடுகிறதா என்று சிபியு-இசட்டில் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 40 சதவீதம் என்று தெரிவதை வைத்து அது சும்மா இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள், பன்னிரண்டு த்ரெட்டின் சராசரி அது.

முதல் அரை மணி நேரம் மட்டும் புதிய இடங்களுக்குப் போகும்போதெல்லாம் வெட்டினால் அது ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாராகும் வேலை. அன்ரியல் எஞ்சின் விளையாட்டுகளில் சகஜம். தொடக்கத் திரையில் அந்த வேலை நடந்தால் முடியும்வரை காத்திருங்கள். ஆடத் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குப் பின் வேகம் இறங்கினால் வெப்பத்தைப் பாருங்கள். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 85 சதவீதமாக்கினால் சில ஃப்ரேம்களை மட்டும் இழந்து பல டிகிரி குறையும். கடலோர ஊர்களில் உப்புப் படிந்த தூசி சீக்கிரம் ஒட்டும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கனமான காட்சியில் சட்டென்று முழுதாக அணைந்தால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல், அடுத்தது யுபிஎஸ். யுபிஎஸ்ஸை விலக்கி நேரே சுவரில் செருகிப் பாருங்கள். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் தெரியும் கெர்னல்-பவர் 41 “மின்சாரம் எதிர்பாராமல் நின்றது” என்பதை மட்டுமே சொல்கிறது. குற்றவாளி யார் என்று அது சொல்லாது. டபிள்யுஎச்இஏ (வன்பொருள்) பிழைகள் பதிவாகியிருந்தால் எக்ஸ்போவை அணைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

எஃப்பிஎஸ் சீராக இருந்தும் எதிரி தாவித் தாவி வந்தால் வன்பொருளை விட்டுவிடுங்கள், அது நெட்வொர்க். வேலரன்ட்டுக்கு மும்பையிலும், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-க்கு மும்பை, சென்னை இரண்டிலும் சர்வர்கள் உண்டு. விளையாட்டின் அமைப்பில் வேறு நாட்டு சர்வர் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையை விட்டு கேட் 5இ கேபிளை ரவுட்டரிலிருந்து இழுங்கள், நூறு மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தரும். கேபிளிலும் பிங் (சர்வரிடமிருந்து பதில் வரும் நேரம்) எகிறினால் வீட்டில் வேறு யாராவது பெரிய கோப்பைப் பதிவிறக்கும்போது மட்டும் நடக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் ரவுட்டரில் கியூஓஎஸ் (இணைய வேகத்தைப் பங்கிடும்) வசதியை இயக்கி, உங்கள் இணைப்பின் வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள்.